உடைச்சாத்தான் தெரியும்

பழைய ஃப்ளாட்டில் குளியலறை டைல்ஸை மாற்ற மேஸ்திரியைக் கூப்பிட்டு, "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தொகை சொல்வார். கூடவே, "மத்ததெல்லாம் உடைச்சாத்தான் சார் தெரியும்" என்பார். பின்னால் கூடுதலாகக் கறப்பதற்கு முன்னாலேயே போடும் பீடிகை என்று பலரும் நினைப்பதுண்டு. அந்த எஸ்டிமேட்டில் முழுக்க நம்பத்தக்கது அந்த ஒரு வாக்கியம்தான் என்பது என் கட்சி.

எங்கள் வீடு எண்பதுகளில் கட்டிய சென்னை அடுக்ககத்தில் இருக்கிறது. குளியலறைக் கூரையில் ஈரம் படர்வதாகக் கீழ் வீட்டு மாமி சொல்லிக்கொண்டே இருந்தார். மேலே எங்கள் தரையில் ஒரு கீறல்கூட இல்லை. உடைத்தோம். டைல்ஸுக்கு அடியில் இன்னொரு டைல்ஸ், அதற்கும் அடியில் மொசைக். முன்பு குடியிருந்தவர்கள் ஒழுகும்போதெல்லாம் மேலே ஓர் அடுக்கு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மொசைக்கையும் பெயர்த்தால் செங்கல் ஜல்லி சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. தரைத் தண்ணீர் வடியும் நஹானி ட்ராப் குழாயோடு சேரும் இடத்தில் விரிசல்.

குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிடத் தாழ்த்திக் கான்கிரீட் போட்டு, பள்ளத்தில் குழாய்களைப் பதித்து, செங்கல் ஜல்லி கொட்டி நிரப்பி மேலே தரை போடுவது வழக்கம். சன்கன் ஸ்லாப் என்பார்கள். ட்ராப் மூட்டு கசிந்தாலும் டைல்ஸ் இடுக்கில் இறங்கினாலும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில்தான் தேங்கும். பிறகு மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவாக மாறிய இரும்புக்கு முன்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். கீழ் வீட்டுக் கூரையில் சிமெண்ட் பத்தை பத்தையாக விழுந்து கம்பி தெரிவது இதனால்தான். அங்கே என்ன செய்வார்கள்? பூசி பெயின்ட் அடிப்பார்கள், வசதியிருந்தால் ஃபால்ஸ் சீலிங் போடுவார்கள். துரு அதற்கு மேலே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

எல்லாப் பழியையும் வீட்டின் வயசு மேல் போடுகிறோம். ஆனால் உடைக்கும்போது வெளிவருவதில் பாதி, முன்பே யாரோ கண்ணால் பார்த்து மூடிவைத்தது.

மின்சார வேலையில் இப்படி மூடிவைப்பது உயிருக்கே உலை. புதிதாக ஆர்.சி.சி.பி. பொருத்துகிறோம், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி. பழைய வயரிங்கில் மாட்டியதும் அடிக்கடி விழும். சுவருக்குள் எங்கோ ஒயரின் உறை கருகியிருக்கும், பெட்டியில் ஈரம் இறங்கியிருக்கும், நியூட்ரலும் எர்த்தும் கலந்திருக்கும். தேடிக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டுமே! "சும்மா சும்மா ட்ரிப் ஆகுது சார், கழட்டிடலாம்" என்று சொல்லும் எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். சரி என்று தலையாட்டும் வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர் வீடுகளின் கதை வேறு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு பொரிகிறதே என்று மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் உயரே ஏறும். அந்த வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் கூரையில் வார்னிஷ் அடித்த தேக்குக் கட்டை பார்க்க ஜோராக இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் முனைதான் முதலில் இற்றுப்போகும்.

டைல்ஸ் நிறம் பார்க்கக் கடை கடையாக ஏறுவதற்கு முன், ஒரு மூலையை உடைத்துப் பார்க்க மேஸ்திரிக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். எஸ்டிமேட்டை அதற்குப் பிறகு பேசலாம். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் ட்ராப்பை அடைத்து, ஒரு நாளாவது தண்ணீர் கட்டிவிட்டு, கீழ் வீட்டில் போய்க் கூரையைப் பாருங்கள். சுவரை மூடும் முன் குழாயும் ஒயரும் போகும் தடத்தை டேப் வைத்துப் போட்டோ எடுங்கள். வீட்டை விற்கும் நாளில், பத்திரத்தோடு அந்தப் படங்களையும் வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.