எட்டு பேர் மட்டும்தானா குற்றவாளிகள்?

நம் ஊருக்குக் கிரிக்கெட் எப்படியோ, அமெரிக்காவுக்குப் பேஸ்பால் அப்படி. அந்த ஆட்டத்திலேயே அசிங்கப்பட்ட சீசன் 1919 என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அசிங்கம்தான், யார் இல்லை என்றார்கள்? யாருக்கு அசிங்கம் என்பதில்தான் எனக்குத் தகராறு.

கதை தெரியாத நண்பர்களுக்காக: சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி அந்த வருடம் 140 ஆட்டங்களில் 88-ல் ஜெயித்து உலகத் தொடருக்கு வந்தது. எதிரணி சின்சினாட்டி ரெட்ஸ். அக்டோபர் 1-ம் தேதி முதல் ஆட்டத்தில் சிகாகோவின் எடி சிகாட், ரெட்ஸின் முதல் ஆட்டக்காரர் மேலேயே பந்தைப் போட்டார். கை தவறிப் போகவில்லை. 'பேசியபடி தோற்கிறோம்' என்று சூதாடிகளுக்குச் சிக்னல்! 5-3 என்று தொடர் பறிபோனது. சிகாட்டுக்குப் 10,000 டாலர், ஜோ ஜாக்சனுக்கு 5,000.

முதலாளி கோமிஸ்கி கஞ்சப்பயல், அதனால்தான் வீரர்கள் கெட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. நம்ம பசங்க இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். ஆனால், பிற்காலத்தில் கிடைத்த கணக்குப்படி, அன்றைய அணிகளில் அதிகச் சம்பளம் கொடுத்தவற்றில் இதுவும் ஒன்று. எனவே சம்பளத்தைக் காட்டி வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

என் கோபம் ஒப்பந்தத்தின் மீது. 'ரிசர்வ் கிளாஸ்' என்று ஒரு ஷரத்து. ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் ஆயுசுக்கும் அந்த அணிதான். வேறு அணி கூடக் கொடுத்தாலும் போக முடியாது; முதலாளி நினைத்தால் மட்டும் விற்கலாம், துரத்தலாம். வேலையில் சேரும்போது எழுதி வாங்குகிறார்களே பாண்டு, அதற்காவது இரண்டு வருஷம், மூன்று வருஷம் என்று கணக்கு இருக்கிறது. இதற்கு முடிவே கிடையாது. 1922-ல் உச்ச நீதிமன்றம்கூட, ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று சொல்லிவிட்டது. 1975-ல்தான் ஒரு நடுவர் தீர்ப்பால் அந்த விலங்கு உடைந்தது.

சரி, தண்டனைக்கு வருவோம். 1921 ஆகஸ்ட் 2-ல் ஜூரி வீரர்களை விடுதலை செய்தது. மறுநாளே கமிஷனர் லாண்டிஸ், ஜூரி என்ன சொன்னாலும் சரி என்று, எட்டு பேரையும் ஆயுள் முழுக்கத் தள்ளி வைத்தார். இந்த லாண்டிஸ் யார்? அணி முதலாளிகள் நியமித்தவர். பின்னணியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட நியூயார்க் சூதாடி ராத்ஸ்டீன் மேல் குற்றப்பத்திரிகையே இல்லை! கோமிஸ்கியும் சாகும்வரை முதலாளியாகத்தான் இருந்தார்.

எட்டு பேரில் பக் வீவர் என்று ஒருவர். சதிப் பேச்சு நடந்தபோது கூட இருந்தார். காசு வாங்கியதாக யாரும் நிரூபிக்கவில்லை. தொடரில் நன்றாகவே அடித்தார். காட்டிக்கொடுக்கவில்லை, அதுதான் குற்றம். பத்தாயிரம் வாங்கியவருக்கும் இவருக்கும் ஒரே தண்டனை! இது என்னய்யா நியாயம்? திரும்பத் திரும்ப மனு போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. 1956-ல் இறந்துபோனார். 2025 மே மாதம், இறந்தவர்களுக்குத் தடை பொருந்தாது என்று சொல்லி அவர் பெயரையும் ஜாக்சன் பெயரையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.