கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு

போன வாரம் ஒரு சாயங்காலம், சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். எதிர் சீட்டில் நான்கு பையன்கள். ஆளுக்கொரு முதுகுப்பை, காலடியில் ஒரு பழைய பெயின்ட் வாளி. வாளிக்குள் சுருட்டி வைத்த போர்வை, அதன்மேல் ஒரு குக்கர். முதல் நாள் சாயங்காலம் ஒடிசாவின் பாலேஸ்வரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறி வந்தவர்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது.

கவரைப்பேட்டை தாண்டியதும் அவர்களில் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, “பையா, இந்த வழியாத்தானே வந்தோம்?” என்று இந்தியில் கேட்டான். ஆமாம், அதே வழிதான். சில மணி நேரம் முன்பு கும்மிடிப்பூண்டியைக் கடந்துதான் அவர்கள் சென்னைக்குப் போனார்கள். ஆனால் கோரமண்டல் அங்கே நிற்காது. வேலை செய்யப்போகும் ஊரை ஜன்னலில் பார்த்துக்கொண்டே நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போய், சென்ட்ரலில் இறங்கி, வாளியைத் தூக்கிக்கொண்டு வேறு வண்டி மாறி, வந்த வழியே திரும்ப வேண்டும். ஏறக்குறைய ஒரு நாள் பயணத்தில் களைத்த பிள்ளைகளுக்கு இது பெரிய பாரம்.

வெளியூர்க்காரர்கள் பாடு இது என்றால், உள்ளூர்க்காரர்கள் பாடும் கிட்டத்தட்ட இதேதான். செங்கல்பட்டிலிருந்து பிரித்து 1997இல் திருவள்ளூர் மாவட்டம் உருவானது. அதன் வடகோடியில் கும்மிடிப்பூண்டி, நடுவில் தலைநகரான திருவள்ளூர். வரைபடத்தில் இரண்டுக்கும் நேர்கோடு போட்டால் நாற்பது கிலோமீட்டர்கூட வராது. ஆனால் ரயில் பாதைகள் சென்னையிலிருந்து இரண்டு விரல்களைப் போல விரிந்து கிடக்கின்றன. கூடூர் போகும் வடக்கு மார்க்கம் ஒன்று, அரக்கோணம் போகும் மேற்கு மார்க்கம் ஒன்று. புறநகர் ரயிலில் போகிறவர் பேசின் பிரிட்ஜ் வரை வந்துதான் மாற வேண்டும். மொத்தம் எண்பது கிலோமீட்டருக்கு மேல்.

ஆடி அமாவாசைக்குப் பெரியம்மாவைத் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பு நோவு கரையும் என்பது அவர் நம்பிக்கை. காகிதத்தில் பொதிந்த அரைக்கிலோ வெல்லத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பேசின் பிரிட்ஜ் நடைமேம்பாலத்தில் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டார். முட்டி வலி. “ஏண்டா, சாமி நம்ம ஜில்லாலதானே இருக்காரு? இன்னாத்துக்கு மெட்ராஸ சுத்திக்கினு போறோம்?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

திரும்பும்போது பஸ். பெரியபாளையம் வந்து மாறினோம். இந்த வழியில் கொசஸ்தலை ஆற்றையும் ஆரணி ஆற்றையும் தாண்ட வேண்டும். இரண்டுமே மழைக்காலத்தில் பொங்கி வரும் ஆறுகள். மற்ற காலத்தில் தடை வேறு. ஆடி ஞாயிறு என்றால் பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் கூட்டத்தில் ஜனப்பன்சத்திரம் வரை வண்டிகள் நிற்கும். செவ்வாய்க்கிழமை என்றால் சிறுவாபுரி முருகனுக்குப் போகும் கூட்டம். எங்கள் பக்கத்தில் பஞ்சாங்கம் பார்க்காமல் பஸ் ஏறுகிறவர் கிடையாது.

ரயில் தடங்களின் நிலையும் சொல்ல வேண்டும். மேற்கு மார்க்கத்தின் வயது பெரிது. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் திருவள்ளூர் வழியாகத்தான் போனது. வடக்கு மார்க்கத்திலோ அத்திப்பட்டைத் தாண்டினால் இரண்டே தடங்கள். விரைவு வண்டி, சரக்கு வண்டி, புறநகர் வண்டி எல்லாம் அந்த இரண்டில்தான். 2024 அக்டோபர் 11 இரவு கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றிருந்த சரக்கு ரயிலின் மீது மோதியபோது, உயிர்ப்பலி இல்லாமல் போனது பெரும் ஆறுதல். ஆனால் மறுநாள் இந்தப் பக்கத்து ஜனங்கள் போக வர வழியில்லாமல் தவித்தார்கள். அத்திப்பட்டையும் ஆந்திரத்தின் புத்தூரையும் இணைக்கும் புதுப் பாதை 2008-09இலேயே ரயில்வே திட்டங்களில் இடம்பெற்றது. இன்னும் அதில் ரயில் ஓடவில்லை.

எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பூஞ்சேரி வரை 130 கிலோமீட்டருக்கு மேல் நீளும் எல்லைச் சாலை வேலை நடக்கிறது. நல்ல திட்டம். கன்டெய்னர் லாரிகளுக்கு அது பெரிய விடுதலை. சொந்த வண்டி இல்லாதவருக்கு அந்தச் சாலையில் பஸ் ஓடினால்தான் பயன்.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை ஏற்கெனவே இருக்கிறது. அதன் வடபகுதி, நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரை சுமார் 30 கிலோமீட்டர், 2021இல் திறந்தார்கள். மீஞ்சூர் வடக்கு மார்க்கத்து ஸ்டேஷன். நெமிலிச்சேரி மேற்கு மார்க்கத்து ஸ்டேஷன். ரயில்வே விரிய விட்ட இரண்டு விரல்களைச் சாலை இங்கே சேர்த்துவிட்டது. புதிதாக நிலம் எடுக்க வேண்டாம், பாலம் கட்ட வேண்டாம். வண்டிகள் வரும் நேரத்தை ஒட்டி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பஸ் விட்டால் போதும்.

திருவள்ளூருக்குப் பழைய பெயர் திருஎவ்வுள். முதியவராக வந்த பெருமாள், சாலிஹோத்திர முனிவரிடம் “படுக்க எவ்வுள்?” என்று இடம் கேட்டார், முனிவர் தன் குடிலையே காட்டினார் என்கிறது தலபுராணம். வழிப்போக்கர் கேட்ட கேள்வியே பெயரான ஊர் அது.

இன்றைய வழிப்போக்கர்கள் சார்பில் போக்குவரத்துத் துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் என் வேண்டுகோள் இதுதான்: மீஞ்சூர் ஸ்டேஷனிலிருந்து நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு, காலை ஐந்து முதல் இரவு பத்து வரை, மணிக்கு ஒரு பஸ். அடுத்த ஆடி அமாவாசைக்குள் விடுங்கள்.