கியரை எண்ணாதீங்க... டயரைப் பாருங்க!

‘21 கியர்... டபுள் சஸ்பென்ஷன்... டபுள் டிஸ்க் பிரேக்... விலை 9,999 ரூபாய் மட்டுமே!’

செல்போனைத் திறந்தால் இப்படி ஒரு விளம்பரம் கண்ணில் படாமல் இருக்காது. பிளஸ் 2 முடித்த பையன் முதல், தொப்பையைக் குறைக்க நினைக்கும் அப்பா வரை எல்லோருக்கும் ஆசை வந்துவிடும். வாங்கி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துணி காயப்போடும் கொடியாக நிற்கும். குறை ஓட்டுபவரின் சோம்பலில் மட்டும் இல்லை. பல நேரம் வாங்கிய சைக்கிளிலேயே இருக்கிறது.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 30 கிலோமீட்டர். மெயின் ரோடு தார்ச்சாலைதான். ஆனால், அதிலிருந்து பிரிந்து ஊருக்குள் போனால் ஜல்லி பெயர்ந்த ரோடு, கல் குவாரி லாரிகள் பள்ளம் பறித்த பாதை, ஏரிக்கரை மண்தடம், கடலோரம் சவுக்குத் தோப்புக்குள் மணல் என்று வகைவகையாக வரும். தினமும் வேலைக்கும் டியூஷனுக்கும் இந்த ரோட்டில் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் ஒரு சுற்று வர வேண்டும். 12,000 முதல் 18,000 ரூபாய்க்குள் இதற்கு எந்த சைக்கிள் சரிப்படும்?

முதலில் வந்தது டயர்தான்!

‘மவுன்டன் பைக்’ பிறந்த கதையிலேயே இதற்கு பதில் இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டமால்பயஸ் மலைப் பக்கம் சில இளைஞர்கள் பழைய தடிமன் டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மண்பாதையில் இறக்கினார்கள். 1976-ல் அங்கே ஒரு போட்டி தொடங்கியது. பெயர் ‘ரீபேக்’. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய ரக பிரேக், இறக்கத்தில் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். கீழே வந்ததும் திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர்.

கவனியுங்கள்... அவர்கள் சைக்கிளில் சஸ்பென்ஷன் கிடையாது. தடிமன் டயரும் உறுதியான ஃபிரேமும்தான் மலையை இறங்கவைத்தன. தொல்லை கொடுத்தது பிரேக். இந்த வகை சைக்கிள்களில் சஸ்பென்ஷன் ஃபோர்க் பரவலானது 1990-களில்தான். ஆக, காசை எங்கே போட வேண்டும் என்ற வரிசை அன்றே முடிவாகிவிட்டது. டயர், பிரேக், ஃபிரேம்... மற்றதெல்லாம் அப்புறம்.

டயர் எப்படி இருக்கணும்?

அகலம் 1.95 முதல் 2.2 இன்ச் வரை இருந்தால் நம் ஊர் ரோட்டுக்குப் போதும். நடுவில் நெருக்கமான சிறு பொத்தான்களும் ஓரத்தில் பெரிய பொத்தான்களும் உள்ள டயரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தார் ரோட்டில் இழுக்காது, மண்ணில் வழுக்காது. டிராக்டர் டயர் மாதிரி முரட்டுப் பொத்தான்கள் பார்க்க கெத்தாக இருக்கும். ஆனால், ரோட்டில் ‘உர்ர்’ என்ற சத்தத்தோடு காலின் சக்தியையும் உறிஞ்சும்.

காற்றின் அளவும் முக்கியம். 60-70 கிலோ எடை உள்ளவர் தார் ரோட்டில் 40-45 பி.எஸ்.ஐ. வைக்கலாம். மண்பாதைக்கு 30-35 ஆகக் குறைத்தால் டயரே பாதி சஸ்பென்ஷன் வேலையைச் செய்துவிடும். கடலோரப் பொடி மணலில் எந்த டயரும் புதையும். அங்கே இறங்கித் தள்ளுவதுதான் புத்திசாலித்தனம்.

இந்தப் பக்கத்தின் பெரிய எதிரி சீமைக்கருவேல முள். ஏரிக்கரையில் போனால் கண்டிப்பாக ஒன்று ஏறும். டயருக்கும் டியூபுக்கும் நடுவில் போடும் லைனர் பட்டை, ஒரு ஸ்பேர் டியூப், கையடக்க பம்ப்... இவை இல்லாமல் கிளம்பக் கூடாது. இன்னொன்று, வால்வு. பைக், கார் டியூபில் உள்ளது போன்ற வால்வு இருந்தால் எந்த பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம். கம்ப்ரஸரில் சட்டென்று அளவு ஏறிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள்.

சஸ்பென்ஷன் ஆசை... யோசித்து!

இந்த விலையில் பின்பக்க சஸ்பென்ஷனும் சேர்த்துக் கொடுத்தால், வேறு எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எடை கூடும். மிதிக்கிற மிதியில் ஒரு பகுதி ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போகும். இணைப்புகள் தேய்ந்தால் ‘கடக் கடக்’ சத்தம் வரும். அதைச் சரிசெய்யும் ஆள் பக்கத்தில் கிடைப்பது கஷ்டம். தவிர்த்துவிடுங்கள்.

முன்பக்க சஸ்பென்ஷன்? கடையில் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்திப் பாருங்கள். மெதுவாக இறங்கி, மெதுவாக ஏறினால் சரி. ‘டொக்’கென்று அடித்தாலோ, முன்னும் பின்னும் ஆடினாலோ வேண்டாம். விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க், சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. பெரும்பாலும் ரோட்டில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால், சஸ்பென்ஷனே இல்லாத ஃபோர்க்கும் தடிமன் டயரும் உள்ள சைக்கிள் தாராளமாகப் போதும். மிச்சமாகும் காசு நல்ல பிரேக்குக்குப் போகட்டும்.

பிரேக்... உயிர் விஷயம்

ரிம்மை இருபக்கமும் கவ்வும் வி-பிரேக் எளிமையானது. எந்தக் கிராமத்து சைக்கிள் கடையிலும் சரிசெய்துவிடுவார்கள். ஆனால், மழையில் நனைந்த ரிம்மில் பிடிமானம் குறையும். சக்கரத்தில் கோட்டம் விழுந்தால் உரசும். கேபிளில் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க், மழைக்கும் சேற்றுக்கும் மேல். ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்கில் ஒரு விரலால் பிடித்தாலே நிற்கும். விலையும் கூடும், பழுதுபார்க்கப் பழகிய மெக்கானிக்கும் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையிலும் ஓட்டப்போகிறவருக்கு நல்ல மெக்கானிக்கல் டிஸ்க் சரியான நடுவழி. செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க்கில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. பட்டால் பிரேக் வழுக்கும்.

21 கியர் எதற்கு?

முன்னால் 3, பின்னால் 7 பல்சக்கரம் இருந்தால் 21 கியர் என்பது வெறும் பெருக்கல் கணக்கு. அதில் பல கியர்கள் ஏறக்குறைய ஒன்றேதான். இந்தச் சமவெளியில் பாலம் ஏறவும், எதிர்காற்றில் மிதிக்கவும், ஏரிக்கரை ஏறவும் 7 அல்லது 8 கியர் சரியாக விழுந்தாலே போதும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ‘பின் சக்கரத்தில் இருப்பது ஃப்ரீவீலா, கேசட்டா?’ ஃப்ரீவீல் அமைப்பில் அச்சின் ஒரு பக்கம் தாங்கல் இல்லாமல் நீண்டிருக்கும். எடை அதிகமுள்ளவர் பள்ளத்தில் தொடர்ந்து ஓட்டினால் அச்சு வளையலாம். கேசட் ரகத்தில் இந்தத் தொல்லை குறைவு. 80 கிலோவுக்கு மேல் உள்ளவர் கொஞ்சம் கூடப் போட்டாவது கேசட் வாங்குவது நல்லது.

குரங்கு பெடல் வேண்டாமே!

அந்தக் காலத்தில் அப்பாவின் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் அடித்தோம் என்று தாத்தாக்கள் சொல்வார்கள். ‘வளர்ற பிள்ளைதானே’ என்று பெரிய சைக்கிளாக வாங்கிக் கொடுப்பதும் கிட்டத்தட்ட அதேதான். பாரின் இருபக்கமும் கால் ஊன்றி நிற்கும்போது, பாருக்கும் உடம்புக்கும் இடையில் 2 இன்ச்சாவது இடைவெளி வேண்டும். உயரம் 5 அடி முதல் 5 அடி 4 இன்ச் வரை என்றால் 15-16 இன்ச் ஃபிரேம். 5 அடி 8 இன்ச் வரை 17-18. அதற்கு மேல் 19. நாலரை அடி உயரப் பிள்ளைக்கு 24 இன்ச் சக்கரமே போதும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலால் பெடலைக் கீழே தள்ளினால் முழங்கால் நேராக வேண்டும். சீட்டை இதற்கும் கீழே இறக்கி ஓட்டுவதால்தான் பலருக்கு முட்டி வலி வருகிறது.

உப்புக் காற்று ஜாக்கிரதை

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கோவளம் பக்கம் வீடு என்றால் அலுமினிய ஃபிரேம் நல்லது. ஆனால், ஃபிரேம் துருப்பிடிக்காவிட்டாலும் செயின், ஸ்போக்ஸ், போல்ட் எல்லாம் இரும்புதான். கடற்கரை போய் வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, செயினுக்கு அளவாக எண்ணெய் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து வேகமாகத் தண்ணீர் அடித்தால் பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும்.

கணக்கு இப்படி இருக்கட்டும்

கையில் 15,000 ரூபாய் இருந்தால் சைக்கிளுக்கு 12,000-க்கு மேல் போடாதீர்கள். மீதியில் ஹெல்மெட், முன்-பின் விளக்கு, பூட்டு, பம்ப், மட்கார்டு வாங்க வேண்டும். லாரி ஓடும் ரோட்டில் இருட்டில் பின்விளக்கு இல்லாமல் போவது, பிரேக் இல்லாமல் போவதற்குச் சமம். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்துள்ளது. பில் கேட்டு வாங்கி, அதைச் சரிபாருங்கள்.

பழைய சைக்கிள் வாங்குவதும் தப்பில்லை. ஃபிரேமின் வெல்டிங் இடங்களில் கீறல் இருக்கிறதா, சக்கரத்தைச் சுற்றிவிட்டால் கோட்டம் தெரிகிறதா, பெடல் தண்டு பக்கவாட்டில் ஆடுகிறதா... மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஃபிரேமில் கீறல் இருந்தால் எவ்வளவு சல்லிசாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

புது சைக்கிளுக்கு முதல் 100 கிலோமீட்டரில் கேபிள் தளரும், ஸ்போக்ஸ் இளகும். அப்போது ஒருமுறை கடைக்குக் கொண்டுபோய் கோட்டம் எடுத்து, பிரேக்கை இறுக்கிவிட்டால் அதன் பிறகு ரொம்ப நாள் தொல்லை இருக்காது. ஆகவே, ஆன்லைனில் 500 ரூபாய் குறைவு என்பதைவிட, வீட்டுப் பக்கத்தில் சர்வீஸ் செய்து கொடுக்கும் கடை இருக்கிறதா என்பதையே முதலில் விசாரியுங்கள்!