தட்டில் ஆறும் காயமும் தோலில் ஆறும் காயமும்

வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டினுள் நுழைந்தாலும், போடிமெட்டு ஏறி இடுக்கி மலைகளுக்குச் சென்றாலும், வழியோரங்களில் மண்டிக் கிடக்கும் ஒரு செடியைக் காணலாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து பரவிய அதனை மலையாளிகள் ‘கம்யூனிஸ்ட் பச்சை’ என்பர். அரிவாள் பட்டுவிட்டால் அதன் இலையைக் கசக்கிச் சாற்றைப் பிழிவது அங்குள்ளோர் வழக்கம். வெட்டுக்காயப் பூண்டு என்று பெயரிலேயே தொழிலைத் தாங்கிய செடியும் உண்டு. இத்தகைய பச்சிலைச் சாறு ஆராய்ச்சிக்கூடத்தில் புண்ணை விரைந்து ஆற்றியது என்ற செய்தி அடிக்கடி வெளியாகிறது. அதனைப் படித்துவிட்டு வந்து கேட்போருக்கு விடை கூற வேண்டியவர்கள் ஆசிரியர்களும் சுகாதார ஊழியர்களுமே. எனவே, அந்தப் ‘புண்’ எத்தகையது என்பதை அவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

அது உண்மையில் புண்ணே அன்று. பிளாஸ்டிக் தட்டில் உயிரணுக்களை ஒரே அடுக்காக வளர்த்து, நுண்குழாயின் முனையால் ஒரு கோடு கீறுவர். அவ்விடைவெளியை உடனேயும் ஏறக்குறைய 24 மணி நேரங் கழித்தும் படமெடுத்து, எவ்வளவு மூடியது என அளப்பர். அங்கே குருதியில்லை, கிருமியில்லை. செலவு குறைந்த எளிய முறையாதலின் எங்கும் பரவிவிட்டது. அதில் குற்றமில்லை. ஆயின், உயிரணுக்கள் எதன்மீது ஊர்ந்தன என்று கேட்பார்தாம் அரியர்.

தட்டு பாலிஸ்டைரீனால் ஆனது. இயல்பில் நீரை ஒட்டவிடாதது. மின்னிறக்கத்தால் அதன் மேற்பரப்பைப் பக்குவப்படுத்திய பின்னரே உயிரணுக்கள் அதில் நன்கு பற்றும். வளர்ப்பு நீர்மத்திலுள்ள ஃபைப்ரோநெக்டின், விட்ரோநெக்டின் முதலிய புரதங்கள் முதலில் அதன்மேல் படிகின்றன. உயிரணு பற்றுவது அப்படலத்தையே. ஃபோக்மனும் மாஸ்கோனாவும் 1978-இல் தட்டின்மேல் ஒருவகைப் பூச்சை வெவ்வேறு கனத்தில் பூசிப் பார்த்தனர். பூச்சு கனக்கக் கனக்க உயிரணுக்கள் பரவாமல் உருண்டு நின்றன, பெருக்கமும் தளர்ந்தது. 1997-இல் பலேசெக்கும் அவர் குழுவினரும், பிடிப்பு நடுத்தரமாக இருக்கும்போதே ஊர்தல் மிக விரைவாக நிகழ்கிறது என்று காட்டினர். வழுக்குப் பாறையிலும் நடக்கவியலாது. முழங்கால் சேற்றிலும் நடக்கவியலாது.

பச்சிலை ஆராய்ச்சிக்கு இதனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. கீறும் முனை உயிரணுக்களோடு பூச்சையும் சுரண்டிவிடலாம். கையழுத்தம் மாறினால் அடித்தரையும் மாறும். சிலிக்கோன் தடுப்பை வைத்து உயிரணுக்களை வளர்த்துப் பின் அதை எடுத்துவிடும் முறையில் இக்குறை பெரிதும் நீங்கும். அன்றியும், பல இலைச்சாறுகளில் டானின் உண்டு. அது புரதத்தோடு பிணைவது தோல் பதனிடுவோர் நன்கறிந்த செய்தி. அவ்வாறாயின் சாறு உயிரணுவைத் தூண்டியதா, அல்லது அதன் காலடித் தரையை மாற்றியதா? பூச்சைக் குறிப்பிடாத கட்டுரையில் இதற்கு விடை கிடைக்காது. இடைவெளி மூடியது ஊர்தலாலா, பெருக்கத்தாலா என்பதும் தனிக்கேள்வி.

மேற்பரப்பையே மருந்தாக்கிய முயற்சியும் கேரளத்தில் உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தார் பன்றியின் பித்தப்பையிலிருந்து உயிரணுக்களை நீக்கி, எஞ்சிய சவ்வைப் புண்மேல் பரப்பும் போர்வையாக்கினர். எலி, முயல், நாய் ஆகியவற்றின் தோற்புண்களில் அதனைச் சோதித்தனர். 2023-இல் அதற்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அனுமதி கிடைத்தது. தட்டோடு நின்றிருந்தால் அது அவ்விடத்தை எய்தியிராது.

ஆகவே, தட்டுச் செய்தியொன்றை நம்பி நீரிழிவு நோயாளியின் காற்புண்ணில் இலைச்சாறு பிழியச் சொல்லுதல் தகாது. வெட்டுக்காயத்தைத் தூய நீரால் கழுவி, டெட்டனஸ் ஊசிக்கு அனுப்புவதே ஊழியர் செய்யத்தக்கது. ஆராய்ச்சியாளரிடமும் ஒன்று கேட்கலாம்: தட்டில் எந்தப் புரதம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் பூசப்பட்டது என்பதை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். அதற்குச் செலவேதும் இல்லை.