காரணம் சொல்லாத சஸ்பென்ஷன்

சஸ்பென்ஷன் என்ற வார்த்தையோடு எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பழக்கம். கலெக்டர் ஆபீஸில் ஏ செக்‌ஷன் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தால் எந்த விதிப்படி, யாருடைய உத்தரவு என்று ஆணையில் இருக்கும். பின்னாலேயே 17(பி) குறிப்பாணை போகும். குற்றச்சாட்டு என்ன, ஆதாரம் என்ன, சாட்சி யார் என்று எல்லாம் அதில் வரும். விளக்கம் கொடுக்க அவகாசம் உண்டு. அதுவரை வீட்டில் அடுப்பெரியப் பிழைப்பூதியமும் உண்டு, அரைச் சம்பள விடுப்புக்கு என்ன வருமோ அந்த அளவு. லஞ்சப் பணத்தோடு கையும் களவுமாகப் பிடிபட்டவருக்கும் இதில் எதையும் மறுக்க முடியாது.

ஆன்லைனில் அரிவாள்மணை விற்பவனுக்கு மட்டும் இதில் ஒன்றும் கிடையாது.

ஓய்வு பெற்றபின் சும்மா இருக்கப் பிடிக்காமல் இரும்புச் சாமான் விற்க ஆரம்பித்தேன். தோசைக்கல், பணியாரக்கல், தேங்காய்த் துருவி, அரிவாள்மணை. செய்து தருபவர் திருப்பாச்சேத்திப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறார். அந்த ஊர் அரிவாளுக்குப் பேர் போனது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2023 அக்டோபரிலிருந்து சிறு விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே மாநிலத்துக்குள் ஆன்லைன் தளங்கள் வழியாக விற்கலாம் என்று வந்ததால் என்னைப் போன்றவர்களுக்கும் வழி திறந்தது. எட்டு மாதம் ஒரு புகார் இல்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அரிவாள்மணை விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள். 'ஆயுதங்கள் பற்றிய கொள்கையை மீறுகிறது' என்று ஒரே வரி. மறுநாள் தேங்காய்த் துருவியும் போயிற்று. தளத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

பலகையில் பொருத்திய, காலால் மிதித்துக்கொண்டு வெண்டைக்காய் நறுக்குகிற பொருள் ஆயுதமாம். அதே தளத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இறைச்சிக் கத்தி அன்றும் விற்பனையில் இருந்தது.

முறையீட்டுப் பொத்தானை அழுத்தி விவரமாக எழுதினேன். நாலு நிமிஷத்தில் 'பரிசீலித்தோம், முடிவில் மாற்றம் இல்லை' என்று பதில். நான் அனுப்பிய படங்களைப் பார்க்கவே ஒரு மனிதருக்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

பட்டறைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். தீபாவளிக்கென்று 25 மணை அடித்து வைத்திருந்தார். "சார், எங்க அப்பா காலத்துலேர்ந்து கல்யாணச் சீருக்குக் கொடுக்கிறது. இதுல என்ன சார் தப்பு?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் எனக்கும் யாரும் சொல்லவில்லை. நான் பென்ஷன்காரன், பட்டினி கிடக்கப் போவதில்லை. அவர் கரிக்கும் இரும்புக்கும் கடன் வாங்கியிருந்தார்.

இயந்திரத்தை வைத்து விளம்பரங்களைச் சலிப்பதையே நான் குறை சொல்லவில்லை. போலிச் சரக்கும் மோசடியும் அவ்வளவு வருகின்றன, ஆள் வைத்து எல்லாவற்றையும் பார்க்க முடியாது. அது முதல் சல்லடை. ஆனால் அப்பீலையும் அதே சல்லடையில் போட்டால் அது அப்பீலா? கீழ்க்கோர்ட்டு தீர்ப்பை அதே நீதிபதியிடம் மறுபடி கொண்டுபோய்க் கொடுத்த கதைதான்.

ஐரோப்பிய யூனியனில் 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த ஒரு விதி, விற்பனையாளரின் பொருளை நிறுத்தினால் காரணத்தை எழுத்தில் தரச் சொன்னது. கணக்கையே மூடுவதென்றால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். பிறகு வந்த டிஜிட்டல் சேவைகள் சட்டம், முறையீட்டை முழுக்க இயந்திரத்திடம் விட்டுவிடக் கூடாது என்கிறது. நம் நாட்டில் 2020ஆம் வருஷத்து மின்வணிக விதிகளில் 48 மணி நேரத்தில் ஒப்புதல், ஒரு மாதத்தில் தீர்வு என்று இருப்பது வாங்குகிற நுகர்வோரின் புகாருக்கு. விற்கிறவனை அங்கே தேட வேண்டியிருக்கிறது.

எனக்குக் கைகொடுத்தது 2021ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்ப விதிகள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 'இடைநிலையர்' என்ற வரையறைக்குள் ஆன்லைன் சந்தையும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. குறைதீர்க்கும் அதிகாரியின் பெயரையும் முகவரியையும் தளத்தில் போட வேண்டும். 24 மணி நேரத்தில் ஒப்புதல், தீர்வுக்கு அப்போது 15 நாள் கெடு இருந்தது. அதிலும் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அந்தப் பெயரைக் கண்டுபிடிக்கத் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் அரை மணி நேரம் துழாவினேன் என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் அவருக்கு ஒரு பக்கக் கடிதம் போட்டேன். விளம்பர எண், நிறுத்திய தேதி, அவர்கள் சொன்ன வரி, அவர்கள் கொள்கையிலேயே சமையலறைச் சாமான்களுக்கு விலக்கு இருக்கும் பத்தி, மணையில் காய் நறுக்கும் படம். கடைசியில் இரண்டே கேள்வி: எந்த உட்பிரிவை மீறினேன், யார் பார்த்து முடிவு செய்தார்கள்? கோபத்தைக் காட்டவில்லை. கோப்பில் கோபம் எடுபடாது என்பது சர்வீஸில் கற்றது.

இதற்கிடையில் அக்கா பையன், "மாமா, வெஜிடபிள் கட்டர்னு பேரை மாத்திப் போட்டுருங்க, இல்லேன்னா அத்தை பேர்ல வேற கணக்கு ஆரம்பிங்க" என்றான். இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. நிறுத்திய விளம்பரத்தை வேறு பெயரில் போட்டால் இல்லாத குற்றம் நிஜக் குற்றமாகிவிடும். இரண்டாவது கணக்கைக் கண்டுபிடித்தால் இரண்டையும் மூடுவார்கள், வர வேண்டிய பாக்கியும் நின்றுபோகும். தவிர, அரிவாள்மணை வாங்குகிறவர் அந்தப் பெயரில்தான் தேடுவார்.

பத்தொன்பதாம் நாள், தீபாவளிக்கு மறுநாள், இரண்டு விளம்பரமும் திரும்ப வந்தன. 'தவறுதலாக நிறுத்தப்பட்டது' என்று ஒரு வரி. என் இரண்டு கேள்விக்கும் பதில் இல்லை. தீபாவளி வியாபாரம் போனது போனதுதான். அதற்குப் பிழைப்பூதியம் யார் தருவார்கள்?

இழப்பீட்டைக்கூட அப்புறம் பேசலாம். நிறுத்தும் அன்றே உட்பிரிவைச் சொல்ல வேண்டும், முறையீட்டை ஒரு மனிதர் படித்துத் தன் பெயர் போட்டுப் பதில் தர வேண்டும். ஒரு தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்குக் கிடைக்கிற அளவுக்குத்தான் கேட்கிறேன். வாங்குகிறவருக்குக் காலக்கெடு எழுதத் தெரிந்த அரசுக்கு, விற்கிறவருக்கும் இரண்டு வரி சேர்ப்பது பெரிய காரியமில்லை.

வீட்டிலிருந்தே ஊறுகாய், அப்பளம், புடவை விற்கும் சகோதரிகள் பலர் இதைப் படிக்கிறீர்கள். விளம்பரம் சரியாக ஓடும்போதே அதன் திரைப்படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நின்றபிறகு பல தளங்களில் அந்தப் பக்கமே திறக்காது. நான் அனுப்பிய கடிதத்தின் நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். பட்டறையில் இன்னும் 14 மணை இருக்கிறது.