இடது கைக்கு ஆறு வாரம் லீவு!

போன மாதம் திருச்சியில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். 68 வயது. சமையலறையில் தலை சுற்றி விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால், நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 34தான்! இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்சார ஓட்டத்தில் தடையாம். பேஸ்மேக்கர் வைத்து, மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் போனது பத்தாம் நாள். கூடத்து நாற்காலியில், இடது கையை மடியில் கட்டிப் போட்டாற்போல் வைத்துக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள் அக்கா. தலை வாரியே பத்து நாளாகியிருக்கும் போலிருந்தது.

"என்னக்கா இது கோலம்?" என்றேன்.

"கையை அசைச்சா உள்ளே வயர் பிடுங்கிக்குமாம்டி. பக்கத்து வீட்டுக்காரி சொல்லிட்டுப் போனா. மிக்ஸி ஓடினா அந்தப் பக்கமே போகக் கூடாதாம். டி.வி. கூடப் போடறதில்லே. பேரனைத் தொட்டுப் பத்து நாளாச்சு" என்றபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காயத்தைக் காட்ட டாக்டரம்மாவிடம் போனோம். "முழங்கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் தூக்குங்கம்மா" என்றார். அக்காவால் முடியவில்லை. தோள் வலி உயிர் போனது.

"நான் கையைத் தூக்காதீங்கன்னு சொன்னேன். அசைக்காதீங்கன்னு சொல்லலியே! இப்படியே வச்சிருந்தா தோள்பட்டை இறுகிப் போயிடும். அப்புறம் அதுக்குத் தனியா வைத்தியம் பண்ணணும்" என்றார் டாக்டரம்மா.

சகோதரிகளே, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல்தான் பலரும் அவதிப்படுகிறார்கள். அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பேஸ்மேக்கர் என்பது தீப்பெட்டியை விடச் சிறிய பெட்டி. பெரும்பாலும் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். அதிலிருந்து மெல்லிய வயர் ரத்தக் குழாய் வழியே இதயத்துக்குள் போகிறது. வயரின் நுனி இதயச் சுவரில் நன்றாகப் பதிய 4 முதல் 6 வாரம் ஆகும். நட்ட கன்றை ஆட்டி ஆட்டிப் பார்த்தால் வேர் பிடிக்குமா? அதுபோலத்தான். அதற்குள் கையை வீசித் தூக்கினாலோ, கனத்தை இழுத்தாலோ நுனி இடம் மாறிவிடலாம். மறுபடி ஆபரேஷன்தான்.

எதைத் தள்ளிப் போடணும்?

உயரமான கொடியில் புடவை உலர்த்துவது, பரணிலிருந்து பாத்திரம் எடுப்பது, ஒட்டடை அடிப்பது, இரண்டு கையையும் பின்னால் கொண்டு போய்ப் பின்னல் போடுவது... இவையெல்லாம் கை தோளுக்கு மேலே போகும் வேலைகள். ஆறு வாரம் வேண்டாம். துணியை நாற்காலி முதுகில் போடுங்கள். தலையை மகளோ மருமகளோ வாரிவிடட்டும். ரவிக்கையை முன்பக்கம் கொக்கி வைத்ததாகப் போட்டுக்கொள்ளுங்கள். போடும்போது முதலில் இடது கை, கழற்றும்போது கடைசியில் இடது கை.

இடது கையால் 4, 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீரே 10 கிலோவைத் தாண்டுமே! பேரக் குழந்தையையும் தூக்க வேண்டாம். உட்கார்ந்துகொண்டு, வேறு யாராவது மடியில் விடச் சொல்லிக் கொஞ்சுங்கள்.

எதைச் செய்யணும்?

விரல்களை மடக்கி நீட்டுவது, முழங்கையை மடக்குவது, தோளை மெதுவாகச் சுழற்றுவது, இவற்றைத் தினமும் நாலைந்து தடவை செய்யணும். கை தோளுக்குக் கீழே இருந்தால் போதும். சாப்பிடலாம், காய் நறுக்கலாம், பூ தொடுக்கலாம், வலது கையால் கோலம் போடலாம். வீட்டுக்குள்ளே நடப்பது ரொம்ப நல்லது.

காயம் ஆறும்வரை அதில் தண்ணீர் படக் கூடாது. டாக்டர் சரி என்கிறவரை இடுப்புக்குக் கீழே குளித்து, மேலே ஈரத் துணியால் துடைத்துக்கொண்டால் போதும். மஞ்சள், எண்ணெய், விபூதி எதையும் காயத்தில் தடவாதீர்கள்.

மிக்ஸி, கிரைண்டர் ஆகாதா?

ஆகும்! மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், டி.வி. எல்லாமே நல்ல நிலையில் இருந்தால் பயமில்லை. நெஞ்சு உரச நிற்காமல் அரையடியாவது தள்ளி நில்லுங்கள். தொட்டால் ஷாக் அடிக்கிற பழைய சாமானை மட்டும் உடனே பழுது பார்க்கணும். கேஸ் அடுப்பு தாராளமாக உபயோகிக்கலாம். இண்டக்‌ஷன் அடுப்புக்கு மட்டும் இரண்டடி தள்ளி நிற்கணும்.

செல்போனை வலது காதில் வைத்துப் பேசுங்கள். நம்மில் பலருக்குப் போனை ரவிக்கைக்குள் செருகிக்கொள்ளும் பழக்கம் உண்டு. அதை அடியோடு விட்டுவிட வேண்டும். அரையடி தூரம் அவசியம். காந்தப் படுக்கை, காந்த மாலை என்று யார் விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

கோயிலிலும் விமான நிலையத்திலும் இருக்கிற சோதனை வாசலில் சாதாரணமாக நடந்து போகலாம். அங்கேயே நிற்கவோ சாயவோ கூடாது. பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டி, கையால் சோதிக்கும் கருவியை நெஞ்சின் மேல் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் முதலில் அட்டையை நீட்டுங்கள். சில வகை பேஸ்மேக்கருக்குத்தான் அது ஒத்துக்கொள்ளும்.

எப்போது ஓடணும்?

காயம் சிவந்து வீங்குவது, சீழ், காய்ச்சல், கை வீக்கம், மறுபடி தலைசுற்றல் அல்லது மயக்கம், நிற்காத விக்கல் - இதில் ஒன்று வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். 'இடம் கூச்சமான இடமாச்சே' என்று முந்தானையால் மூடி மறைக்காதீர்கள். 'இவங்களுக்கு எதுக்குச் சிரமம்' என்று பொறுத்துக்கொள்வதும் வேண்டாம்.

"இந்தப் பெட்டி எத்தனை நாளைக்கடி ஓடும்?" என்று அக்கா கேட்டாள். பேட்டரி பெரும்பாலும் 8 முதல் 12 வருஷம் வரை வரும். தீர்ந்தால் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம். அவளுக்கு ஒரு கதை சொன்னேன். உலகத்திலேயே முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் வைத்துக்கொண்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8 அன்று நடந்தது. அவர் மனைவி விடாமல் கெஞ்சி, டாக்டரையும் இன்ஜினீயரையும் சம்மதிக்க வைத்தாராம். முதல் பெட்டி சில மணி நேரம்தான் ஓடியது. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட பெட்டிகளை மாற்றிக்கொண்டு, 86 வயது வரை வாழ்ந்து 2001-ல் காலமானார். அதுவும் புற்றுநோயால்!

ஊருக்குக் கிளம்பும் முன் அக்காவின் மகனையும் மருமகளையும் உட்கார வைத்துப் பேசினேன். தண்ணீர் தூக்குவது, துணி உலர்த்துவது எல்லாம் ஆறு வாரத்துக்கு யார் யார் என்று பங்கு போட்டோம். அம்மா சும்மா இருக்க மாட்டாள். கண்ணெதிரே வேலை கிடந்தால் எழுந்துவிடுவாள். வேலை கிடக்காமல் பார்த்துக்கொள்வது வீட்டாரின் பொறுப்பு, இல்லையா?

போன வாரம் அக்கா போன் செய்தாள். ஏழாம் வாரம். டாக்டரம்மா சரி சொல்லிவிட்டாராம்.

"இன்னிக்கு நானே பின்னிக்கிட்டேன்டி. ஒரு முழம் மல்லிகையும் வச்சாச்சு!"

"எந்தக் காதில் வச்சுப் பேசறே?" என்றேன்.

"வலது காதுலதான், வாத்தியாரம்மா!"