ஒரு பக்கெட் ப்ளீச்சிங்!

போன கோடையில் நியூஜெர்ஸியில் அக்கா வீட்டில் ஒரு மாதம் ஓசிச் சாப்பாடு. மனசு உறுத்தாதா? ஏதாவது வேலை செய்து கணக்கை நேர் பண்ணலாம் என்று கொல்லைப்புறம் போனால், 'டெக்'! பாட்டுக் கேட்கிற டெக் இல்லை ஸார். வீட்டுக்குப் பின்னால் பலகை அடித்துப் போட்ட திண்ணை. பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. அக்காவின் பத்து மாசப் பெண் அதில்தான் தவழும். தவழ்ந்த கை அடுத்த நிமிஷம் வாயில்!

பக்கெட்டில் ப்ளீச்சைக் கவிழ்த்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

"மாப்ளே, கீழே வைய்யா அந்த பக்கெட்டை!"

அத்தான். அவர் கெமிஸ்ட்ரி; நான் பி.காம்.

வீடு தொண்ணூறுகளில் கட்டியது. அந்தக் காலத்து டெக் பலகைக்குள் குரோமியம், தாமிரம், ஆர்சனிக் மூன்றையும் கரைத்து, அழுத்தம் கொடுத்து ஏற்றுவார்களாம். தாமிரம் பூஞ்சைக்கு. ஆர்சனிக் கரையானுக்கு. குரோமியம்? மற்ற இரண்டையும் மரத்தோடு கட்டிப்போடுகிற கயிறு. (1933-ல் இதைக் கண்டுபிடித்தவர் இந்தியர்தான், சோந்தி காமேசன். காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.) 2004-லிருந்து அமெரிக்காவில் புது டெக்குக்கு இந்த மருந்து கிடையாது. பழசையெல்லாம் யார் பிடுங்கப் போகிறார்கள்?

"மழையிலேயே கொஞ்சம் கொஞ்சமா கசியும்யா. மரத்துக்குள்ள குரோமியம் இப்ப சாது. ப்ளீச்சை ஊத்தினே, ரவுடியாயிடும்" என்றார். சாது என்பது மூன்று இணைதிறன், ரவுடி ஆறு. ஆறு தண்ணீரில் சுலபமாகக் கரையும். புற்றுநோய் ரகம் வேறு.

நான் விடுவேனா? "அப்ப எலுமிச்சம்பழ ஆசிட்?"

"அது அதுக்கும் மேல! ஆர்சனிக்கைக் கையைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வரும்."

மரத்தைப் பளிச்சாக்க என்றே விற்கிற ஆக்ஸாலிக் ஆசிட் சரக்கும் அதே கேஸ். தண்ணீரைப் பீய்ச்சியடிக்கிற மெஷின், உப்புத்தாள் இரண்டும் கூடாது. சிராய்ப்பிலும் தூளிலும் விஷம் வரும்.

கடைசியில் சோப்புத் தண்ணீர், மிருதுவான பிரஷ், என் இடுப்பு. காய்ந்ததும் எண்ணெயில் கலந்த ஸ்டெயின் ஒரு பூச்சு. கசிவு குறையுமாம், ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை பூசணும். டெக் ஒன்றும் பளபளக்கவில்லை. குழந்தை அதில் விளையாடி வந்தால், அக்கா முதலில் கையைக் கழுவிவிட்டுத்தான் பிஸ்கட் தருகிறாள்.

பக்கெட் ப்ளீச் என்ன ஆச்சு என்கிறீர்களா? வீட்டில் மூன்று பாத்ரூம். அத்தான் மறக்கவில்லை.